அவனுக்கு 185, எனக்கு 205

— அய்யோ! என்னங்ணா அது, சிலிண்டர் வெடிச்சிருச்சா?

— ஒண்ணும் இல்ல ப்ரதர், பயப்படாதீங்க. டயரு ரிம்முல போய் ஒக்காந்த சத்தம். காத்து ஏத்துறப்ப 'டமார்'னு ஒரு தடவ குதிச்சுதான் ஒக்காரும். உள்ள என் மச்சினன், லாயிட்டுன்னு பேரு, வேல பண்றான். சிஸ்டர், நீங்க அந்த பெஞ்சுல ஒக்காருங்க. பாவம், மொகமே வெளுத்துப்போச்சு.

— எனக்கு ஒண்ணும் இல்ல. பிரபா, வாப்பா, போயிடலாம். கோரமங்களாவுல பெரிய ஷோரூமே இருக்கு. ஏசி போட்டிருப்பான்.

— இரு ஜானு. ஊட்டுல இருந்து கெளம்புனதுல இருந்து இதே பாட்டு. இந்தக் கடை வேண்டாம், இந்தக் கடை வேண்டாம். எங்க ஃபேக்டரியில மூணு பேரு சொன்னாங்க, விவேக் நகர்ல டயருன்னா டெஸ்மண்ட் அண்ணன் கடைதான்னு. நீங்கதானுங்களே டெஸ்மண்ட்?

— நானேதான். குழந்தை யேசு கோயிலுக்குப் பின்னாடி யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. சொல்லுங்க ப்ரதர், இன்னா வேணும்?

— நாலு டயரும் மாத்தணும்ங்ணா. நல்லா அகலமா. 205 போட்டுருங்க.

— 205ஆ? வாசல்ல நிக்குதே, அந்தச் செவப்பு வண்டிக்கா?

— ஆமாங்ணா.

— அது பதினாலு இன்ச்சு கம்பெனி வீலு ப்ரதர். அதுல வர்றது 165. ரிம்மோட அகலம் அஞ்சே இன்ச்சு. அலாய் வீல் மாத்துறீங்களா?

— இல்லீங்ணா. வீலு அதேதான் இருக்கட்டும். டயர் மட்டும் அகலம்.

— பேடா ப்ரதர், பேடா. வேணவே வேணாம். தொப்பக்காரன் தம்பியோட பேண்ட்டப் போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் பிதுங்கி நிக்கும். டயரோட நடுவு மட்டும் ரோட்டுல பட்டு, நடுவு மட்டும் தேஞ்சு போகும். பெட்ரோல் குடிக்கும். சும்னே எதுக்கு இந்த வேல?

— நானும் அதையேதான் சொன்னேன்ணா. கேட்டாத்தானே? யூ-டர்ன்ல முழுசா ஒடிச்சா உள்ள இருக்கற மறைப்புல சர்ர்ருன்னு ஒரசும். ஸ்டீரிங் கல்லு மாதிரி கனக்கும். சில்க் போர்டு டிராஃபிக்ல தோள்பட்டையே கழண்டுடும்.

— பாத்தீங்களா! சிஸ்டர் சொல்றாங்களே, அதுதான் கரெக்ட்டு. கடைக்காரன் மாதிரியே சொல்றாங்க.

— சொல்லுவாங்ணா, சொல்லுவா. எட்டு மாசத்துக்கு முன்னாடி இவளுக்கு ஸ்டெப்னி எங்க இருக்குன்னு தெரியாது. இப்ப டயருக்குப் பாடம் எடுக்கறா. யாரு சொல்லிக் குடுத்தது ஜானு?

— யூட்யூப்.

— யூட்யூபுக்குத் தருண்னு பேர் வெச்சுட்டாங்களாட்ட இருக்குது.

— ஆரம்பிச்சுட்டியா? டயர் வாங்க வந்தியா, சண்ட போட வந்தியா?

— ஒரு நிமிஷம் ப்ரதர், போன் வருது... ஹேளி சார். ஆயிது சார், ரெடி இதே. ஹத்து நிமிஷா பிட்டு பன்னி... மன்னிச்சுக்கோங்க ப்ரதர், இன்னொரு வண்டிக்காரரு, வண்டி ரெடி, பத்து நிமிஷம் கழிச்சு வாங்கன்னு சொன்னேன். யாரு இந்தத் தருணு?

— ஐயோ அண்ணா, நீங்க வேற ஏன் கேக்கறீங்க?

— கேக்கட்டும் ஜானு. மனசுல இருக்கறத எங்கியாவது எறக்கி வெக்கணுமல்ல? தருண்ங்கறது இவ ஆபீஸ்ல கூட வேல பண்றவன்ங்ணா. எங்க அபார்ட்மெண்ட்டுலயே மூணாவது மாடி. இவங்களுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி. எனக்கு பொம்மசந்திரா, ஃபேக்டரியில குவாலிட்டி செக்‌ஷன். இவ ஆபீஸத் தாண்டித்தான் நான் போயாகணும். வாசல்லயே எறக்கி விட்டுட்டுப் போலாம். கல்யாணமாகி ரெண்டு வருஷம் அப்படித்தான் போனோம். இப்ப எட்டு மாசமா அம்மணி அவன் வண்டியிலதான் போறாங்க.

— உனக்கு எட்டு மணி ஷிஃப்ட்டு. எனக்குப் பத்து மணிக்கு ஆபீஸ். ஏழரைக்கே எறக்கிவிட்டா, நான் அங்க செக்யூரிட்டியோட சேந்து கேட்டுக்குப் பூட்டுத் தொறக்கணுமா?

— ரெண்டு வருஷம் தொறந்தியே? கேண்டீன்ல காபி அருமையா இருக்குது, அத ஆறக் குடிச்சுட்டு வேலைக்குப் போனா அன்னிக்குப் பூரா நல்லாருக்குதுன்னு சொன்னவ நீதான். அந்தக் காபி இப்பக் கசந்து போச்சா?

— ஆமா, கசந்து போச்சு.

— ப்ரதர், நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஒரே ஆபீஸ்காரங்க ஒரே வண்டியில போறது இந்த ஊர்ல எல்லாரும் பண்றதுதான்.

— இருங்ணா, முழுசாக் கேளுங்க. சரி, என் வண்டியில என்ன கொறைன்னு இவகிட்டயே கேட்டேன். என்ன சொன்ன ஜானு? நீயே அவருகிட்டச் சொல்லு.

— ...குலுங்குதுன்னு சொன்னேன்.

— குலுங்குதுன்னு மட்டுமா? முதுகு வலிக்குது, இடுப்பு வலிக்குது, தருண் வண்டி தொட்டிலாட்டப் போகுதுன்னு சொன்னா. தொட்டில்! ரெண்டும் ஒரே வண்டிங்ணா. ஒரே கம்பெனி, ஒரே மாடலு. கலரு மட்டுந்தான் வேற, அவனுது வெள்ளை. அதெப்படி அவனுது தொட்டிலு, என்னுது மாட்டு வண்டி? ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்ல. பொறவுதான் புடிச்சேன். டயரு!

— எப்படிப் புடிச்சீங்க?

— பேஸ்மெண்ட்டுல அவன் வண்டிக்குப் பக்கத்துல மண்டி போட்டு, டார்ச் அடிச்சு, நாலு டயரையும் போட்டோ எடுத்தேன்.

— அத ஏன் கேக்கறீங்கண்ணா! வாட்ச்மேன் வந்து எங்கிட்ட விசாரிக்கறாரு, 'மேடம், சாருக்கு ஏதாவது தொலஞ்சு போச்சா'ன்னு. எனக்கு மானமே போச்சு.

— தொலஞ்சுதான் போச்சு. அவருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல பாரு.

— ஐயோ, லூசு மாதிரி பேசாத. எல்லாரும் கேக்கறாங்க.

— கேக்கட்டும். அண்ணா, அவன் டயர்ல எழுதியிருந்தது 185. அவனும் கம்பெனி வீல மாத்தல, டயர மட்டும் அகலமாப் போட்டிருக்கான். அதான் எனக்கு 205 வேணும்ங்கறேன். அவனுக்கு 185ன்னா எனக்கு 205.

— இது டயரு ப்ரதர், ஏலம் இல்ல!

— நீங்க சிரிக்காதீங்ணா. எம் பொண்டாட்டி எம் பக்கத்துல உக்காந்து வரணும். அதுக்கு என்ன டயர் வேணுமோ அதப் போடுங்க.

— சரி, சரி. வண்டியப் பாத்துட்டுச் சொல்றேன். காத்து எவ்வளவு வெக்கறீங்க?

— நாப்பதுங்ணா.

— நாப்பதா! அடக் கடவுளே. நம்ம வண்டிக்கு முப்பதுதான் ப்ரதர் வெக்கணும்.

— கொஞ்சம் டைட்டா வெச்சா மைலேஜ் நல்லா வரும்னு...

— மைலேஜ் வரும், கூடவே முதுகு வலியும் வரும். ரப்பர் பந்து மேல ஒக்காந்து போற மாதிரி இருக்குமே! ரோட்டுல ஒரு தீக்குச்சி கெடந்தாக்கூடத் தூக்கிப் போடுமே! பாவம் சிஸ்டரு. லாயிட்டு, இந்தச் செவப்பு வண்டிக்கு நாலுலயும் பத்துப் பத்து எறக்கு! யார் யார் ஓட்டுறீங்க இத?

— நான் மட்டுந்தாங்ணா. வேற யார் கையிலயும் குடுக்கறதில்ல.

— சிஸ்டர் ஓட்ட மாட்டாங்களா?

— கல்யாணமான புதுசுல ஒரு தடவ குடுத்தேன். பேஸ்மெண்ட் தூணுக்கு முத்தம் குடுத்துட்டு வந்தா. அதுக்கப்புறம் எதுக்கு வம்பு? அவ ராணி மாதிரி பக்கத்துல உக்காந்து வரட்டும், சிரமத்த நான் படறேன்.

— ஒரு இன்ச்சு கோடு பிரபா அது. ஒரே ஒரு இன்ச்சு. ரெண்டு வருஷமா ஊர்ல இருக்கற எல்லாருக்கும் சொல்லிட்ட. டயர் கடை அண்ணன் ஒருத்தர்தான் பாக்கி இருந்தாரு, அவருக்கும் ஆச்சு.

— தமாசுக்குச் சொன்னா ஏன் கோவப்படற?

— சரி வுடுங்க. ப்ரதர், உங்களுக்கு நான் நேர்மையாச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க. அகலத்துக்கும் சொகுசுக்கும் சம்பந்தமே இல்ல. சொகுசு எங்கேருந்து வருது? டயரோட பக்கச் செவுரு இருக்குல்ல, அது உசரமா இருக்கணும். உள்ள காத்து அளவா இருக்கணும். உங்க 165க்கு இருக்கற செவுரு, அவரோட 185க்கு இருக்கறதவிட ஒரு நூலு உசரம்தான். கொறச்சல் கெடையாது.

— அப்ப 185 போட்டா என்ன லாபம்?

— புடிப்பு. மழையில ரோட்ட நல்லாப் புடிக்கும். பிரேக் அடிச்சா சட்டுனு நிக்கும். வளைவுல அலையாது. மெய்யாலுமே நல்ல டயரு, உங்களுக்கும் நான் அதான் போடச் சொல்வேன். ஆனா தொட்டில்லாம் ஆகாது. அதப் போட்டதால முதுகுவலி போச்சுன்னு யாராவது சொன்னா நான் நம்பமாட்டேன்.

— கேட்டுக்கிட்டியா ஜானு?

— காதுல விழுந்துது.

— டயரு இல்லியாம். அப்ப அவன் வண்டியில வேற என்னமோ இருக்குது.

— அவன் காத்து அளவா வெச்சிருப்பான். உன்ன மாதிரி நாப்பது வெக்கமாட்டான்.

— பாருங்ணா! அவன் வண்டியில காத்து எவ்வளவுன்னு கூட இவளுக்குத் தெரியுது.

— ப்ரதர், ப்ரதர். சூடாகாதீங்க. அந்த போட்டோவக் காட்டுங்க, செவுரு அளவையும் பாத்து உறுதியாச் சொல்லிடறேன்.

— வேணாம்ணா, எதுக்கு? 185ன்னுதான் தெரிஞ்சு போச்சே. அதையே இதுலயும் போட்டுடுங்க, நாங்க கெளம்பறோம்.

— இந்தாங்ணா, பாருங்க. இது முன் டயரு. இன்னும் பெருசாக் காட்டறேன்.

— ம்... 185, எழுபது, ஆர் பதினாலு. நான் சொன்ன அளவேதான். கம்பெனி வீலுதான். அட! இது இன்னா, மஞ்ச மூடி!

— என்ன மூடி?

— காத்து அடிக்கற வால்வு மேல இருக்கு பாருங்க, மஞ்சளா. இது நம்ம கடை ப்ரதர்! வேல முடிஞ்சா நாலுக்கும் இந்த மஞ்ச மூடி போட்டுத்தான் அனுப்புவேன். இந்த ஏரியாவுல வேற யாரும் போடறதில்ல. வெள்ள வண்டி, வெள்ள வண்டி... ஞாபகம் வந்துடுச்சு. தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம். கோயில்ல சிலுவைப்பாதை ஆரம்பிச்சுட்டாங்க, நான் ஓடணும்னு நிக்கறேன், அந்த நேரம் பாத்து வந்து நின்னாங்க. அன்னிக்கு வண்டிய...

— அண்ணா. டீ கெடைக்குமா? தல வலிக்குது எனக்கு.

— ...ஆங், டீயா? இதோ சிஸ்டர். இப்பவே சொல்றேன். சக்கர போட்டா, போடாமயா?

— என்னங்ணா பேச்ச நிறுத்திட்டீங்க? இவள ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— நான் யாரப் பாத்தேன்? ஒரு நாளைக்கு இருபது வண்டி வருது ப்ரதர். எல்லாம் கொழம்பிப் போகுது. வேற யாரோட வண்டியோ அது.

— டெஸ்மண்ட் அண்ணா. 'வந்து நின்னாங்க'ன்னு சொன்னீங்க. தருண் ஒருத்தன் வந்தா 'வந்து நின்னாரு'ன்னுதானே வரும்? கூட யாரு?

— மரியாதைக்குச் சொல்றதுதான் ப்ரதர்...

— குழந்தை யேசு கோயிலுக்குப் பின்னாடி உக்காந்துட்டுப் பொய் சொல்லாதீங்ணா.

— அது அநியாயம் ப்ரதர். அவரு பேர இழுக்காதீங்க. அப்புறம் என்னால வாயத் தொறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

— அவர வுடு பிரபா. நான்தான் வந்தேன்.

— நீயா? யாரோட?

— நானும் தருணும் வந்தோம். ஆபீஸ்லேருந்து நேரா.

— அதான் இந்தக் கடை வேண்டாம், வேண்டாம்னியா?

— ஆமா.

— வெள்ளிக்கிழமை. எனக்கு எந்த வெள்ளிக்கிழமைன்னு கூடத் தெரியும். ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு, லேட்டாகும், நீ சாப்பிட்டுத் தூங்குன்னு மெசேஜ் போட்டியே, அந்த வெள்ளிக்கிழமை. நான் தக்காளி சாதம் பண்ணி, அப்பளம் பொரிச்சு, ஒம்பது மணி வரைக்கும் மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ இந்த பெஞ்சுல அவனோட உக்காந்திருந்திருக்க.

— ரிலீஸ் இருந்துச்சு. அது ஆறு மணிக்கே முடிஞ்சுடுச்சு. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— ப்ரதர், நடுவுல பேசறேன்னு நெனைக்காதீங்க. தப்பா ஒண்ணும் இல்ல. அந்தத் தம்பி இங்க வாயே தொறக்கல. எந்த டயரு, எவ்வளவு அகலம், எல்லாமே சிஸ்டர்தான் பேசி முடிவு பண்ணாங்க. நான் 195 காட்டுனேன், ஸ்டீரிங் கனக்கும், வேணாம்னுட்டாங்க. 185 போதும்னு சொன்னதே இவங்கதான்.

— இவளா? அவன் வண்டிக்கு இவ டயர் செலக்ட் பண்ணுனாளா?

— ஐயோ அண்ணா! நீங்க உதவி பண்றதா நெனச்சு...

— சாரி சிஸ்டர். நான் டீக்குச் சொல்லிட்டு வந்துடறேன்.

— நில்லுங்ணா, போகாதீங்க. நீங்களே பஞ்சாயத்துச் சொல்லுங்க. போன தீபாவளிக்கு நம்ம வண்டிக்கு சீட் கவர் வாங்கறப்ப, இவகிட்ட கருப்பா, காப்பிக் கலரான்னு கேட்டேன். 'ஏதோ ஒண்ணு போடு'ன்னு போனப் பாத்துட்டே சொன்னா. அதே ஆளு, ஊரான் வண்டிக்கு டயரோட அகலத்துல இருந்து செவுரு உசரம் வரைக்கும் நின்னு பாத்து வாங்கித் தந்திருக்கா. நான் எதுக்குங்ணா அந்தக் கருப்புக் கவர் மேல உக்காந்திருக்கேன்?

— உன் வண்டில நான் ஏதாவது சொன்னா நடக்குமா பிரபா? ஏசி எத்தனைல இருக்கணும்னு நீ. பாட்டு எதுன்னு நீ. எந்த லேன்ல போகணும்னு நீ. கண்ணாடிய ஒரு இன்ச்சு எறக்குனா 'தூசி'ன்னு நீயே ஏத்திடுவ. சீட் கவர்ல மட்டும் நான் எதுக்கு முடிவெடுக்கணும்?

— அவன் வண்டியில எல்லாம் உன் இஷ்டமா?

— ஆமா. எல்லாம் என் இஷ்டம்தான்.

— ப்ரதர், அன்னிக்கு வண்டிய சிஸ்டர்தான்...

— அண்ணா, ப்ளீஸ். கொஞ்சம் இருங்க.

— பாரு, அவரையும் சொல்ல விடமாட்டேங்கற. ஏன் ஜானு? மூணு வருஷத்துல நான் உங்கிட்ட எதையாவது மறைச்சிருக்கனா?

— இல்ல.

— பொறவு நீ ஏன் மறைச்ச?

— சொல்லியிருந்தா மறுநாளே நிறுத்தியிருப்ப. கத்த மாட்ட, திட்ட மாட்ட. 'உனக்கு எதுக்கு சாமி சிரமம்'னு சிரிச்சுட்டே நிறுத்திடுவ. எனக்குத் தெரியும்.

— நிறுத்தாம? எவனோ ஒருத்தனோட சுத்திட்டு வான்னு வழியனுப்பி வெப்பாங்களா?

— சுத்தறதா? ஆபீஸுக்குப் போறதுக்குப் பேரு சுத்தறதா?

— காலைல ஒரு மணி நேரம். சாயந்திரம் ஒன்றரை மணி நேரம். எண்ணிட்டுத்தான் இருக்கேன். எங்கிட்ட ஞாயித்துக்கெழமை பூரா சேந்தாலும் நீ அவ்வளவு நேரம் பேசறதில்ல. அவன்கிட்ட அப்படி என்னதான் பேசிட்டுப் போற?

— அவன்கிட்ட ஒரு வார்த்த பேசறதில்ல.

— பொய்.

— சத்தியமா. அவனுக்கு ராத்திரி மூணு மணி வரைக்கும் அமெரிக்காவோட மீட்டிங். காலைல கண்ணே தொறக்க முடியாம வருவான். பெல்ட் போட்ட அடுத்த நிமிஷம் தூங்கிடுவான். வாயத் தொறந்துட்டு, கொறட்டை வேற. சில்க் போர்டு வந்தது, மேம்பாலம் ஏறுனது, டோல் கட்டுனது எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆபீஸ் பார்க்கிங்ல நான் தட்டி எழுப்புனாத்தான் முழிப்பான். தெனமும், சாயந்திரம் திரும்பி வர்றப்பவும் இதான் நடக்குது.

— ஜானு. பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டேன்னா பொருந்துற மாதிரியாவது சொல்லு சாமி. கொறட்டை விட்டுத் தூங்கறவன் மேம்பாலத்துல எப்படி வண்டி ஓட்டுவான்?

— அவன் எங்க பிரபா ஓட்டறான்? எட்டு மாசமா அந்த வண்டிய ஓட்டறது நான்.